நால்வர் பாட்டில் பெண்குரல்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

ஒலியியல் என்னும் பாடத்தை இயற்பியல் மாணவர்களாகிய நாம் இசைக்கவை, சுரமானி, ஒத்ததிர்வுத் தம்பம் ஆகிய கருவிகளின் வாயிலாகவே அறிகிறோம். அதிர்வெண்ணைக் கணக்கிடுகிறோம், அட்டவணை இடுகிறோம், செய்முறைப் பதிவேட்டில் ஆசிரியரின் கையொப்பத்தைப் பெறுகிறோம். அத்துடன் பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் அதே பாடத்தை எந்தக் கருவியும் இன்றி, தம் தொண்டையையும் காதையும் மட்டுமே கொண்டு, வாரந்தோறும் மாலை வேளையில் செய்து பார்க்கும் பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுள் ஆசிரியைகள் உண்டு, செவிலியர்கள் உண்டு, அலுவலகங்களில் பணிபுரிவோரும் இல்லத்தரசிகளும் உண்டு. பாட்டு அவர்களுக்குப் பிழைப்பு அன்று. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, நால்வராகக் கூடி நின்று பாடுகிறார்கள். அவர்கள் பாடும் முறைக்குப் 'பார்பர்ஷாப்' இசை என்று பெயர்.

அமெரிக்காவில் தோன்றிய இவ்விசை எவ்வாறு அமைந்துள்ளது, அதன் இனிமைக்கு இயற்பியல் தரும் விளக்கம் யாது, ஆண்களுக்கு மட்டும் என்று வேலியிடப்பட்டிருந்த அதனைப் பெண்கள் எவ்வாறு தமதாக்கிக் கொண்டனர் என்னும் மூன்றையும் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் வந்த வழி

'பார்பர்ஷாப்' என்றால் முடிதிருத்தும் நிலையம் என்பது யாவரும் அறிந்ததே. முடிதிருத்தும் நிலையத்துக்கும் இசைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் முடிதிருத்தும் நிலையம் ஆண்கள் கூடிப் பேசிப் பொழுதுபோக்கும் இடமாகவும் விளங்கியது. தம் முறை வரும்வரை காத்திருப்போருள் ஒருவர் தெரிந்த பாட்டொன்றைத் தொடங்குவார். மற்றவர்கள் அதற்குப் பொருந்தும் வேறு சுரங்களைக் காதாலேயே தேடிப் பிடித்துச் சேர்ந்து பாடுவார்கள். தாளில் எழுதிய சுரக்குறிப்பும் கிடையாது. பக்க வாத்தியமும் கிடையாது.

இவ்வழக்கத்தை வளர்த்தவர்களுள் முதன்மையானவர்கள் கறுப்பின மக்களே ஆவர். கறுப்பினக் கவிஞரும் அறிஞருமான ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1925-ஆம் ஆண்டிலேயே இதனை எழுத்தில் பதிவு செய்தார். புகழ்பெற்ற ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்டிராங் சிறுவனாக இருந்தபோது நியூ ஆர்லியன்ஸ் நகரத் தெருக்களில் இத்தகைய நால்வர் குழுவொன்றில் பாடியவர். ஆயினும் பிற்காலத்தில் இவ்விசை வெள்ளையரின் பழம்பொருள் போலவே எண்ணப்பட்டு வந்தது. லின் அபட் என்னும் ஆய்வாளர் 1992-இல் வெளியிட்ட கட்டுரை, பழைய செய்தித்தாள்களிலிருந்தும் கலைஞர்களின் நினைவுக் குறிப்புகளிலிருந்தும் சான்றுகளைத் திரட்டி, இதன் வேர் கறுப்பின மக்களிடையே இருப்பதை நிறுவியது. இச்செய்தியை நாம் நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் வரும் வரலாற்றுக்கு இது மிகவும் தேவைப்படும்.

நான்கு குரல்கள்

நம் நாட்டு இசையில் பலர் சேர்ந்து பாடினாலும் அனைவரும் ஒரே சுரத்தையே பாடுகிறார்கள். கும்மிப் பாட்டாயினும் பஜனையாயினும் ஒரே மெட்டுத்தான் பல தொண்டைகளிலிருந்து எழும். பார்பர்ஷாப் இசையிலோ ஒரே நேரத்தில் நால்வரும் நான்கு வெவ்வேறு சுரங்களைப் பாடுகிறார்கள். ஒரே சொல், ஒரே கணம், ஆனால் வெவ்வேறு சுரம். இவ்வாறு ஒருங்கே ஒலிக்கும் சுரங்களின் தொகுதியை இக்கட்டுரையில் 'சுரக்கூட்டு' என்று குறிப்பிடுவோம்.

நால்வருக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பாட்டின் மெட்டைப் பாடுபவர் 'லீட்'. அவருக்கு மேல் நின்று மெல்லிய குரலில் பாடுபவர் 'டெனர்'. எல்லாருக்கும் கீழே அடித்தளமாக நிற்பவர் 'பேஸ்'. இம்மூவரும் விட்டுவைத்த சுரத்தைப் பாடிக் கூட்டை நிறைவு செய்பவர் 'பாரிடோன்'. மற்ற மேலைநாட்டுக் கூட்டிசையில் மெட்டு பெரும்பாலும் உச்சிக் குரலில் அமையும். இங்கோ அது மேலிருந்து இரண்டாவது குரலில் அமைகிறது. இதுவே இவ்விசையின் தனி அடையாளமாகும்.

நால்வருள் பாரிடோனின் பணியே கடினமானது எனலாம். லீட் பாடுவது பாட்டு. தனியாகக் கேட்டாலும் இனிக்கும். பேஸ் பாடுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பாரிடோனின் பகுதியைத் தனியாகப் பாடிக் கேட்டால் அது பாட்டாகவே தோன்றாது. ஒருகால் லீடுக்கு மேலே செல்லும். மறுகால் கீழே இறங்கும். காரணமின்றித் தாவுவது போலிருக்கும். ஆனால் அந்தக் குரல் நின்றுவிட்டால் சுரக்கூட்டில் ஓட்டை விழுந்துவிடும். கேட்போர் அவரைத் தனியே கவனிப்பதில்லை. அவர் இல்லாததை மட்டும் உடனே கவனித்துவிடுவர்.

பெண்கள் பாடும்போதும் இதே நான்கு பெயர்களே வழங்குகின்றன. ஒரு பெண்ணை 'பேஸ்' என்றும் 'பாரிடோன்' என்றும் அழைப்பது முதலில் வியப்பாக இருக்கும். ஏனெனில் மற்ற மேலை இசையில் அவை ஆண்குரல்களின் பெயர்கள். இங்கே அவை ஆணையோ பெண்ணையோ குறிப்பன அல்ல. கூட்டில் ஒருவர் நிற்கும் இடத்தையே குறிக்கின்றன. பாட்டு முழுவதையும் ஆண்கள் பாடுவதைவிட உயர்ந்த சுருதியில் அமைத்துக் கொண்டு, அதே நான்கு பணிகளையும் பெண்களே செய்கின்றனர்.

இயற்பியல் தரும் விளக்கம்

இனி, இவ்விசையின் இனிமைக்கான காரணத்தைக் காண்போம். பார்பர்ஷாப் இசையில் மிகுதியாகப் பயிலும் சுரக்கூட்டு ஒன்று உண்டு. நம் இசை மரபின் சொற்களில் கூறுவதானால், சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதத்தைவிடச் சற்றுத் தாழ்ந்த ஒரு நிஷாதம் ஆகிய நான்கும் ஒருங்கே ஒலிப்பதாகும். இந்நான்கின் அதிர்வெண்களும் 4 : 5 : 6 : 7 என்னும் எளிய விகிதத்தில் அமைகின்றன.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். பேஸ் பாடும் பெண்ணின் சுரம் வினாடிக்கு 200 அதிர்வுகள் உடையது என்று கொள்வோம். அப்போது பாரிடோன் 250, லீட் 300, டெனர் 350 அதிர்வுகளில் பாட வேண்டும். ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் பேஸ் சரியாக 4 அதிர்வுகளையும், பாரிடோன் 5 அதிர்வுகளையும், லீட் 6 அதிர்வுகளையும், டெனர் 7 அதிர்வுகளையும் முடித்திருப்பார்கள். உடனே நால்வரும் ஒன்றாக அடுத்த சுற்றைத் தொடங்குவார்கள். நான்கு பேர் வெவ்வேறு வேகத்தில் நடந்தாலும் வினாடிக்கு ஐம்பது முறை ஒரே வாசலில் சந்திப்பதைப் போன்றது இது.

மனிதக் குரல் இசைக்கவையைப் போல ஒற்றை அதிர்வெண் உடையதன்று. அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று பல சீரிசைகளும் கூடவே எழுகின்றன. பேஸ் குரலின் ஐந்தாம் சீரிசை 1000. பாரிடோன் குரலின் நான்காம் சீரிசையும் 1000. பேஸ் குரலின் ஆறாம் சீரிசை 1200. லீடின் நான்காம் சீரிசையும் அதுவே. பேஸ் குரலின் ஏழாம் சீரிசை 1400. டெனரின் நான்காம் சீரிசையும் அதுவே. இவ்வாறு ஒருவர் குரலிலிருந்து எழும் சீரிசை இன்னொருவர் குரலின் சீரிசையோடு பொருந்தி வலுப்பெறுகிறது. அப்போது நால்வரில் எவரும் பாடாத உயர்ந்த சுரமொன்று மேலே மணியொலி போல் கேட்கிறது. பாடுவோர் இதனைக் கூட்டு 'ஒலிக்கிறது' என்பர். 'ஐந்தாவது குரல்' என்றும் சொல்வதுண்டு. இக்குரலைக் கேட்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் பயிற்சிக்கு வருவதாகப் பாடகர்கள் கூறுவார்கள்.

இச்சுரக்கூட்டையே பியானோவில் வாசித்தால் என்ன ஆகும்? பியானோவில் எட்டாம் சுரம் வரையிலான இடைவெளியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பகுத்திருக்கிறார்கள். எல்லாச் சுருதிகளிலும் ஒரே கருவியை வாசிக்க அது வசதியானது. ஆனால் 200 அதிர்வுகளை அடிப்படையாகக் கொண்டால் அங்கே மற்றச் சுரங்கள் ஏறத்தாழ 252, 299.7, 356.4 என்று அமையும். 252-இன் நான்காம் சீரிசை 1008. அது பேஸின் 1000-உடன் சேரும்போது வினாடிக்கு 8 விம்மல்கள் தோன்றும். நிஷாதத்தில் வேறுபாடு இன்னும் மிகுதி. 1400-உம் 1425-உம் சேர்ந்தால் வினாடிக்கு 25 விம்மல்கள். காதுக்கு அது விம்மலாகக் கூடத் தோன்றாது, கரகரப்பாகவே தோன்றும். இரண்டு இசைக்கவைகளை எடுத்து ஒன்றின் புயத்தில் சிறிது மெழுகை ஒட்டி விம்மலை எண்ணிய மாணவர் எவர்க்கும் இது எளிதில் விளங்கும்.

ஆகவே இந்நால்வரும் பக்க வாத்தியம் இன்றிப் பாடுவது வெறும் பழக்கத்தால் மட்டும் அன்று. உள்ளங்கையில் அடங்கும் வட்டமான ஊதுகருவி ஒன்றில் தொடக்கச் சுரத்தை ஒரு முறை ஒலித்துக் கேட்கிறார்கள். அதன் பிறகு எந்தக் கருவியின் துணையும் இல்லை. பியானோவை உடன் வைத்துக் கொண்டால் அதன் 356-ஐப் பின்பற்ற வேண்டியிருக்கும். 350-ஐ அடைய வேண்டுமானால் தோழியரின் குரலைத்தான் பின்பற்ற வேண்டும்.

இவ்வுண்மை நமக்கு முற்றிலும் புதியதன்று. தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டினால் எவரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானே எழுவதை இசை பயின்றோர் அறிவர். அது அத்தந்தியின் ஐந்தாம் சீரிசையே ஆகும். சர் சி. வி. இராமன் 1921-ஆம் ஆண்டில் இந்தியத் தந்திக் கருவிகளைப் பற்றி எழுதிய ஆய்வுரையில் தம்புராவின் மேற்சுரங்களை ஆராய்ந்துள்ளார். தம்புராவில் ஒரு தந்தி தானாகச் செய்வதை, இங்கே நான்கு மனிதர்கள் முயன்று செய்கிறார்கள்.

தாழ்ந்த குரலின் மதிப்பு

பெண்கள் பாடும்போது இயற்பியல் ஒரு தடையையும் வைக்கிறது. ஆண்குரலின் அடிச்சுரம் 100 அதிர்வுகளாக இருந்தால், 3000 அதிர்வுகள் வரையிலான எல்லைக்குள் அதற்கு 30 சீரிசைகள் உண்டு. 200 அதிர்வுகளில் தொடங்கும் பெண்குரலுக்கு அதே எல்லைக்குள் 15 சீரிசைகளே உண்டு. சீரிசைகள் குறையக் குறைய அவை ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களும் குறைகின்றன. எனவே பெண்கள் நால்வர் குழுவில் பேஸ் பாடும் பெண்ணின் குரல் எவ்வளவு ஆழமாகவும் உறுதியாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கூட்டு சிறக்கும். சில பெண்கள் 150 அதிர்வுகள் வரையிலும் இறங்கிப் பாடுகிறார்கள்.

பெண்குரல் என்றாலே உயர்ந்தும் மென்மையாகவும் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் பல நாடுகளில் உண்டு. தடித்த குரலுடைய பெண் பலர் நடுவே வாய்திறக்கக் கூசுவாள். பள்ளி இறைவணக்கத்தில் அவளைப் பின்வரிசையில் நிறுத்துவார்கள். கேலி செய்வோரும் உண்டு. பார்பர்ஷாப் குழுவிலோ அத்தகைய பெண்ணைத்தான் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வருகிறார்கள். அவள் இல்லாமல் மற்ற மூவரும் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் கட்டடம் அந்தரத்தில் நிற்கும். ஓரிடத்தில் குறை என்று ஒதுக்கப்பட்டது வேறோரிடத்தில் அடித்தளமாவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கலை வேறு உண்டோ என்று எண்ணத் தோன்றுகிறது.

டல்சா நகரத்துப் பெண்கள்

இனி வரலாற்றுக்கு வருவோம். 1938-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் ஓ. சி. கேஷ் என்னும் வரித்துறை வழக்கறிஞரும் ரூபர்ட் ஹால் என்பவரும் அழைத்ததன் பேரில் 26 ஆண்கள் ஒரு மன்றக் கட்டடத்தின் மாடியில் கூடிப் பாடினார்கள். மறைந்துவரும் இவ்விசையைக் காக்க ஒரு சங்கமும் அமைத்தார்கள். 'அமெரிக்காவில் பார்பர்ஷாப் நால்வர் பாட்டைப் பாதுகாத்து ஊக்குவிக்கும் சங்கம்' என்பது அதன் நீண்ட பெயர். அக்காலத்தில் அரசு தொடங்கிய துறைகளின் நீண்ட பெயர்களைக் கேலி செய்வதற்காகவே அவ்வாறு வைத்தார்களாம். சங்கம் சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் பரவியது. ஆனால் அதில் ஆண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது.

அச்சங்கத்து உறுப்பினர்களின் மனைவியர் கணவன்மார் பாடுவதைக் கேட்டார்கள். கேட்டதோடு நின்றுவிட அவர்களுக்கு மனம் இல்லை. 1945-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் எட்னா மே ஆண்டர்சன் என்னும் பெண்மணி டல்சாவிலுள்ள தம் இல்லத்தில் தோழியரைக் கூட்டினார். அக்கூட்டத்திலிருந்து 'ஸ்வீட் அடலைன்ஸ்' என்னும் பெண்கள் அமைப்பு பிறந்தது. 1903-இல் வெளிவந்த புகழ்பெற்ற பாட்டொன்றின் தலைப்பே இப்பெயருக்கு மூலம். முதற்கிளைக்கு 'அடமடான்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார்கள். அணுவளவு எண்ணமும் ஒரு டன் ஊக்கமும் உடையவர்கள் என்பது அதன் பொருள். அவ்வாண்டு முடிவதற்குள் அக்கிளையில் 85 பேர் சேர்ந்தார்கள். நான்கு ஆண்டுகளில் 14 மாநிலங்களில் 35 கிளைகளும் 1500 பாடகியரும் ஆயினர். 1947-இல் நடந்த முதல் நால்வர் போட்டியில் இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரத்துக் குழுவான 'டிகேட்டரெட்ஸ்' வென்றது. 1953-இல் கனடா நாட்டின் பிராண்டன் நகரில் கிளை தோன்றியதும் அமைப்பு நாட்டெல்லையைக் கடந்தது.

இதே காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஷெபாய்கன் நகரில் 1946-இல் தோன்றிய 'கார்டெட்ஸ்' என்னும் பெண்கள் நால்வர் குழுவையும் குறிப்பிட வேண்டும். பார்பர்ஷாப் பாட்டில் தொடங்கிய இக்குழு 1949-இல் வானொலித் திறனறி நிகழ்ச்சியொன்றில் வென்று, பின்னர் தொழில்முறைக் குழுவாகி, 1954-இல் 'மிஸ்டர் சாண்ட்மேன்' என்னும் இசைத்தட்டால் நாடெங்கும் புகழ்பெற்றது. இக்குழுவைத் தொடங்கிய ஜின்னி ஆஸ்பார்னின் தந்தை ஆண்கள் சங்கத்தின் தலைவராக இருந்தவர். தந்தை தலைமை தாங்கிய சங்கத்தில் மகள் சேர இயலாது. ஆனால் மகளின் பாட்டை நாடே கேட்டது.

இசைவில் விழுந்த பிளவு

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்காமல் கூற வேண்டும். ஆண்கள் சங்கம் கறுப்பின மக்களைச் சேர்த்துக் கொள்ளவில்லை. 1941-இல் நியூயார்க் நகரின் 'கிராண்ட் சென்ட்ரல் ரெட் கேப்ஸ்' என்னும் கறுப்பினக் குழு, தம் நகரத்துப் போட்டியில் வென்றும், நாட்டளவிலான போட்டியில் பாட அனுமதிக்கப்படவில்லை. அவர்கள் புகைவண்டி நிலையத்தில் பெட்டி சுமக்கும் தொழிலாளர்கள். இதனைக் கண்டித்து நியூயார்க் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஆல் ஸ்மித்தும், அந்நகரத்து உயர் அலுவலர் ராபர்ட் மோசஸும் சங்கத்திலிருந்து விலகினார்கள். அத்தடை 1963-இல்தான் நீங்கியது. எவரிடமிருந்து இசை வந்ததோ அவர்களுக்கே கதவு அடைக்கப்பட்டிருந்தது.

தாமே கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களாதலால் பெண்கள் வேறுவிதமாக நடந்திருப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்கலாம். உண்மை அவ்வாறில்லை. 1950-களின் பிற்பகுதியில் ஸ்வீட் அடலைன்ஸ் அமைப்பும் வெள்ளையினப் பெண்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி செய்தது. ஒடுக்கப்பட்டவர் பிறரை ஒடுக்கமாட்டார் என்பது இயற்கை விதி அன்று என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

ஆனால் அங்கே பணிந்து போகாதவர்களும் இருந்தார்கள். வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த சில கிளைகள் இவ்விதியை ஏற்க மறுத்து வெளியேறின. 1959-இல் அவர்கள் 'ஹார்மனி இன்கார்ப்பரேட்டட்' என்னும் தனி அமைப்பை ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பதிவு செய்தார்கள். பின்னர், 1963-இல் கனடா நாட்டுத் தலைநகர் ஆட்டவாவின் 'கேப்பிட்டல் கார்டெட்ஸ்' கிளை ஒரு கறுப்பினப் பெண்ணைச் சேர்த்துக் கொள்ள முயன்றது. தாய் அமைப்பு அதற்கு இடம் தரவில்லை. அக்கிளை தன் தோழியைக் கைவிடாமல் அமைப்பைக் கைவிட்டது. புதிய அமைப்பில் சேர்ந்தது. ஸ்வீட் அடலைன்ஸ் தன் விதியை 1966-இல் நீக்கியது.

அவ்வாறு வெளியேறிய பெண்கள் எதை இழந்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பழகிய தோழியர், போட்டி மேடைகள், ஆண்டுதோறும் கூடும் பெருங்கூட்டம் ஆகியவற்றை அவர்கள் விட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் அரசியல்வாதிகள் அல்லர். மாலை நேரத்தில் பாடிப் பொழுதுபோக்க வந்தவர்கள். பொழுதுபோக்குக்குக் கூட நேர்மை வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள்.

இன்று ஸ்வீடன், இங்கிலாந்து, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் முதலிய நாடுகளிலும் பெண்கள் இவ்விசையைப் பாடுகிறார்கள். இங்கிலாந்தில் 1976-இல் அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தார்கள். 1938-இல் தோன்றிய ஆண்கள் சங்கம் 2018-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பெண்களையும் முழு உறுப்பினராக ஏற்றது. அதற்கு 80 ஆண்டுகள் ஆயின.

பயிற்சி முறை

இப்பெண்கள் எவ்வாறு பயில்கிறார்கள் என்பது மாணவர்களாகிய நமக்குப் பயன்படும் செய்தியாகும். இசைக் கல்லூரியில் பயின்றவர்களும் அவர்களிடையே உண்டு. ஆனால் சுரக்குறிப்பைப் படிக்கத் தெரியாமலே வந்து சேர்ந்தவர்களும் பலர். ஒலிப்பதிவைக் கேட்டும், தெரிந்தவர் பாடப் பின்பாடியும் தம் பகுதியைக் கற்கிறார்கள். பாட்டின் முடிவிலுள்ள சில அடிகளுக்கு 'டேக்' என்று பெயர். அதில் ஒருவர் ஒரே சுரத்தை மூச்சு தாங்கும் வரை நீட்டிப் பிடித்திருக்க, மற்ற மூவரின் சுரங்கள் அதைச் சுற்றி மாறிக் கொண்டே செல்லும். மாநாடுகளில் முன்பின் அறியாத நால்வர் படிக்கட்டிலோ நடைவழியிலோ சந்தித்து, ஒருவருக்கொருவர் பகுதிகளைச் சொல்லிக் கொடுத்து, சில நிமிடங்களில் ஒரு டேக்கைப் பாடி மகிழ்வது வழக்கம்.

குழுப் பயிற்சியில் முதலில் லீடும் பேஸும் மட்டும் பாடுகிறார்கள். மற்ற இருவர் கேட்டுக் குறை கூறுகிறார்கள். அவ்விரு குரலும் அசையாது பொருந்திய பிறகே பாரிடோன் சேர்கிறார், இறுதியில் டெனர். ஒலியளவும் சமமாக இருப்பதில்லை. அடிக்குரல் வலுவாகவும், மேலே செல்லச் செல்ல மென்மையாகவும் இருத்தல் வேண்டும். உயர்ந்த சுரம் நம் காதுக்கு எளிதில் எட்டிவிடும் ஆதலால் டெனர் தன் குரலை அடக்கியே பாட வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நால்வரும் சுரத்தைச் சரியாகப் பிடித்தால் மட்டும் போதாது. உயிரெழுத்தையும் ஒரே விதமாக ஒலிக்க வேண்டும். வாயும் தொண்டையும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு அறையாகும். தம்பத்தில் நீர்மட்டத்தை மாற்றினால் ஒத்ததிர்வு மாறுவதைப் போல, நாவும் உதடும் மாறினால் வலுப்பெறும் சீரிசைகளும் மாறுகின்றன. ஒருத்தி அகன்ற 'ஆ' என்றும் இன்னொருத்தி குவிந்த 'ஆ' என்றும் பாடினால் ஒருத்தியின் குரலில் ஓங்கும் சீரிசை மற்றவள் குரலில் அடங்கிவிடும். ஐந்தாவது குரல் எழாது. ஆகவே ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் சொல்லி, எதிரெதிரே நின்று ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத் திருத்திக் கொள்கிறார்கள்.

பெருங்குழுவில் ஒருவர் வாயசைத்துவிட்டுத் தப்பிக்கலாம். நால்வர் குழுவில் அது நடவாது. ஒரு பகுதிக்கு ஒருவரே உண்டு. பாடாவிட்டால் அச்சுரம் இல்லை. மிகுதியாகப் பாடினால் கூட்டு இல்லை. தன் குரலைக் கேட்கும் அதே நேரத்தில் பிறர் மூவரின் குரலையும் கேட்டு, இம்மியளவு ஏற்றியோ இறக்கியோ பொருந்த வேண்டும். மேலே கண்ட 356-க்கும் 350-க்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியதே. அச்சிறு தொலைவைக் கடக்கத்தான் இப்பெண்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பார்பர்ஷாப் நால்வர் பாட்டு நான்கு வேறுபட்ட குரல்கள் எளிய விகிதத்தில் பொருந்துவதால் இனிக்கிறது என்பதும், அப்பொருத்தம் கருவியால் அன்றிக் காதால் அடையப்படுவது என்பதும், பெண்கள் இவ்விசையைப் பிறர் தரக் காத்திராமல் தாமே அமைத்துக் கொண்டனர் என்பதும் தெளிவாகும்.

இசைவு என்பது எல்லாரும் ஒரே சுரத்தைப் பாடுவது அன்று என்பதை இவ்விசை செவிக்கு உணர்த்துகிறது. நால்வரும் 200 அதிர்வுகளிலேயே பாடினால் ஒலி பெருகுமே அன்றிச் சுரக்கூட்டு உண்டாகாது. 250-உம் 300-உம் 350-உம் வேண்டும். இவ்விசையைப் பாடியவர்கள் இவ்வுண்மையை நாள்தோறும் தம் காதால் கேட்டும், தம் சங்கத்தின் வாசலில் அதை மறந்தார்கள். மறக்க மறுத்த சில பெண்கள் வெளியே போய் நின்று பாடினார்கள். இன்று திரும்பிப் பார்க்கும்போது சுருதி தவறாமல் நின்றவர்கள் அவர்களே என்று தோன்றுகிறது.

வகுப்பறையில் விம்மல்களை எண்ணும்போது, வினாடிக்கு 8 என்று எழுதிவிட்டு நாம் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். அந்த எட்டை ஒன்றுமில்லாமல் ஆக்குவதற்காக எங்கோ ஒரு வீட்டு முன்னறையில் நான்கு பெண்கள் ஒருவரையொருவர் உற்றுக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள் என்பதையும் நாம் சற்றே நினைத்துக் கொள்ளலாம்.